சாரலுக்கு முன் முடிய வேண்டிய கணக்கு



ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். இன்ன நகராட்சியின் வரவு-செலவுத் திட்டம் மன்றக் கூட்டத்தில் நிறைவேறியது. வரவு இத்தனை கோடி, செலவு இத்தனை கோடி, உபரி இத்தனை இலட்சம் என்று அச்செய்தி கூறும். 'உபரி' என்றிருந்தால் நிர்வாகம் நன்றாக நடக்கிறது போலும் என்று எண்ணுவோம். 'பற்றாக்குறை' என்றிருந்தால் உதட்டைப் பிதுக்குவோம். மறுநாள் அந்தத் தாள் அடுக்களை அலமாரிக்கு விரிப்பாகிவிடும்.

தொகையை மட்டும் பார்த்து ஓர் ஊரின் கணக்கை எடைபோடுவது சரியான முறையன்று. கலியாண வீட்டில் எத்தனை தேக்சா ஆக்கினார்கள் என்று கேட்டுவிட்டு, விருந்தினர் பந்தியில் அமர்ந்த நேரத்தில் சோறு வந்ததா என்று கேளாதிருப்பதற்கே அது ஒப்பாகும். ஒதுக்கிய பணம் எந்த நாளில் மக்களுக்குப் பயனாக மாறியது என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை எல்லா ஊர்களிலும் கேட்கலாம். ஆயினும் எங்கள் தென்காசி, குற்றாலம் பகுதியைப் போல இதைத் தெளிவாக விளக்கிக் காட்டும் இடம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இரண்டு மழைகளுக்கு நடுவே

ஆரியங்காவுக் கணவாயின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வந்து எங்கள் ஊரை நனைப்பதையே சாரல் என்கிறோம். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை அந்தச் சாரல் காலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கு நோக்கினும் மக்கள் வெள்ளம். அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மீண்டும் குற்றாலத்தை நிறைக்கும்.

ஆக, மண் தோண்டவும் காங்கிரீட் போடவும் தார் ஊற்றவும் ஏற்ற காலம் என்று பார்த்தால், ஜனவரி பிற்பகுதி முதல் மே இறுதி வரையுள்ள நான்கு மாதங்கள்தாம் எஞ்சுகின்றன. குற்றாலம் ஒரு சிறப்பு நிலைப் பேரூராட்சி. அங்கு நிலையாக வாழ்வோர் சில ஆயிரம் பேர்தாம். ஆனால் சீசன் காலத்து விடுமுறை நாள் ஒன்றில் வந்து போவோர் அதைப் போலப் பல மடங்கினர். அவ்வளவு பேருக்கும் குடிநீர், கழிப்பிடம், உடை மாற்றும் அறை, தெருவிளக்கு, குப்பை அகற்றல், வாகனம் நிறுத்த இடம் ஆகிய அனைத்தும் தேவை. மே 31ஆம் நாளுக்குள் முடியாத பணி, அந்த ஆண்டைப் பொறுத்தவரை நடக்காத பணியே ஆகும்.

இது அரசாங்க நிர்வாகம் படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் நுட்பமன்று. என் வாப்பா தென்காசிக் கடைத்தெருவில் சிறிய ஜவுளிக்கடை ஒன்று வைத்திருந்தார்கள். அருவியில் குளிக்க வருவோர் வாங்கும் துண்டும் லுங்கியுமே சாரல் காலத்தின் பெரிய வியாபாரம். அதற்கென்று வாப்பா தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். புரட்டாசி பிறந்ததும் அவ்வாண்டில் எந்த அளவுத் துண்டு எத்தனை விற்றது, எது தேங்கியது என்று அதில் எழுதி முடிப்பார்கள். தை முடியுமுன் கடையநல்லூர்த் தறிக்காரர்களுக்கு முன்பணம் போய்விடும். வைகாசி கடைசிக்குள் பேல்கள் கடைக்குள் இறங்கியிருக்க வேண்டும். "ஆடி மாதம் வந்து சேருகிற பேல், சரக்கல்ல, அடுத்த வருஷத்துக் கடன்" என்பது அவர்கள் வாக்கு.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு சிறு வியாபாரிக்கு நன்கு விளங்கிய இந்த உண்மை, பொறியாளரும் கணக்கரும் மன்றமும் உடைய உள்ளாட்சிகளின் ஏடுகளில் மட்டும் ஏன் இடம்பெறுவதில்லை?

ஒரு வேலை கடந்து வரும் பாதை

இதற்கு விடை காண, பட்ஜெட்டில் எழுதப்பட்ட ஒரு வரி, தெருவில் ஒரு வேலையாக வந்து சேரும் பாதையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நிதியாண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்குகிறது. அதற்குமுன் மன்றம் வரவு-செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. பெண்களுக்கான உடை மாற்றும் அறை ஒன்று கட்டுவதாக அதில் ஒரு வரி இருக்கிறது என்று கொள்வோம். பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதற்குத் தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் பெற வேண்டும். பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரி விளம்பரம் செய்ய வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 30 நாட்களும் அவகாசம் தரவேண்டும் என்றன. அந்த அவகாசம் நல்லதே. அது இல்லாவிட்டால் வேண்டியவர்க்கு மட்டும் சேதி சொல்லி வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.

விளம்பரம் முடிந்தபின் புள்ளிகளைத் திறந்து ஒப்பிட வேண்டும். மன்றம் ஏற்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வைப்புத்தொகை கட்டி உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும். அதன் பின்னரே வேலை உத்தரவு. எவரும் சோம்பியிராமல், எந்தத் தாளும் எந்த மேசையிலும் தூங்காமல் நடந்தாலும் இவற்றுக்கு இரண்டு மாதங்கள் ஆகிவிடும். ஒருவருமே புள்ளி தரவில்லை என்றாலோ, கேட்ட தொகை மதிப்பீட்டை வெகுவாக மிஞ்சினாலோ மறு டெண்டர்.

ஏப்ரலில் தொடங்கினால் ஜூனில் வேலை உத்தரவு. ஜூனில் சாரல்! அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும். கூட்டத்திற்கிடையில் ஜல்லி லாரி செல்ல இயலாது. ஆகவே வேலை தள்ளிப்போகிறது. செப்டம்பர் முடிந்தால் வடகிழக்கு மழை. அதுவும் முடிந்து, பொங்கல் கழிந்து, பிப்ரவரியில் வேலை சூடு பிடிக்கும். மார்ச் 31ஆம் நாளுக்குள் பில் போட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றி உலர விடவும் பொறுமை இராது. இங்கே எவரும் பணத்தைக் களவாடவில்லை. விதி எதையும் மீறவில்லை. அப்படியிருந்தும் ஓர் ஆண்டு வீணாயிற்று.

நிதியாண்டின் இறுதியில் செலவுகள் குவிவது தீங்கு என்பதை மத்திய அரசே உணர்ந்துள்ளது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவிடுவதை நிதி ஒழுங்கை மீறிய செயலாகவே கருதுகின்றன. மத்திய அமைச்சகங்கள் கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்திற்கு மேலும், மார்ச் மாதத்தில் மட்டும் 15 சதவீதத்திற்கு மேலும் செலவிடலாகாது என்று நிதி அமைச்சகம் வரம்பு வகுத்தது. டெல்லிக்கே இத்தகைய கடிவாளம் தேவைப்பட்டது என்றால், இரண்டு மழைகளுக்கு நடுவே வேலை செய்ய வேண்டிய சிற்றூர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

பூட்டிய கதவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் காலத்தில் மேலப்பாளையத்திலிருந்து என் தங்கையின் குடும்பத்தார் வந்திருந்தனர். சுற்றுவட்டாரத்து ஊர் ஒன்றின் வழியாக வேனில் சென்றுகொண்டிருந்தோம். சாலையோரத்தில் பெண்களுக்கென்று கட்டப்பட்ட புத்தம் புதிய கழிப்பிடம் தென்பட்டது. சுவரில் வண்ணம் பளிச்சென்றிருந்தது. மதிப்பீட்டுத் தொகையும் திட்டத்தின் பெயரும் எழுதிய பலகை இருந்தது. கதவில் பூட்டு இருந்தது.

அருகில் தேநீர்க்கடை வைத்திருந்தவரிடம் கேட்டேன். "கட்டிடம் போன வருஷத்துக் கணக்கு பாய். தண்ணீர்க் குழாய் இந்த வருஷத்துக் கணக்கு. அது இன்னும் வரல்லை" என்றார். அவர் சிரித்தார், என் தங்கை சிரிக்கவில்லை.

ஆண்கள் இதன் கடுமையை முழுமையாக உணர்வதில்லை. சீசனுக்குப் புறப்படும் நாளன்று எங்கள் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வயதான உம்மா, "நான் வேனிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். சர்க்கரை நோயுள்ள பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. நனைந்த உடையை மாற்ற மறைவிடமில்லை என்பதால் அருவியைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் குமரிப் பெண்கள் எத்தனை பேர்! ஏட்டில் அந்தக் கழிப்பிடம் 'பணி முடிவுற்றது' என்ற பட்டியலில் இருந்திருக்கும். செலவிடப்பட்ட தொகை ஒதுக்கிய தொகைக்குச் சரியாகவே இருந்திருக்கும். கணக்குப்படி நூற்றுக்கு நூறு, பயன்படி சுழியம்.

உலக வங்கி, பன்னாட்டு நிதியம், ஐரோப்பிய ஆணையம் முதலிய அமைப்புகள் 2001ஆம் ஆண்டில் பொது நிதி நிர்வாகத்தை அளந்து பார்க்க 'பெஃபா' என்னும் முயற்சியைத் தொடங்கின. அவர்களுடைய முதல் அளவுகோல் எளிதானது. ஒப்புதல் பெற்ற செலவுக்கும் உண்மையில் ஆன செலவுக்கும் எவ்வளவு வேறுபாடு? மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளிலேனும் அது 95 சதவீதத்திற்கும் 105 சதவீதத்திற்கும் இடையே இருந்தால் முதல் தரம். இது நல்ல அளவுகோல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பூட்டிய கதவின் முன் நின்ற எனக்கு, இன்னுமோர் அளவுகோலும் தேவை என்று தோன்றியது. தேவைப்பட்ட நாளில் கதவு திறந்திருந்ததா? அதுவே அந்த அளவுகோல்.

வரவின் நாட்காட்டி

செலவில் காணப்படும் இந்தத் தாமதம் வரவில் காணப்படுவதில்லை என்பது வியப்புக்குரியது. சுற்றுலா ஊர்களில் கடைகள், வாகன நிறுத்தக் கட்டணம், கழிப்பிடக் கட்டணம் ஆகியவற்றை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் குறித்த நாளில் பணத்தைக் கட்டியாக வேண்டும்; தவறினால் வைப்புத்தொகை போய்விடும். சாரல் எப்போது வரும் என்பதை வரவுப் பக்கம் மிக நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. செலவுப் பக்கத்திற்கு மட்டும் அது ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராத விருந்தாளியாக வந்து நிற்கிறது!

பருவத்தை நம்பிய வரவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றின் காரணமாகக் குற்றால அருவிகளில் குளிப்பதற்கு மாதக்கணக்கில் தடை விதிக்கப்பட்டது. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். கூட்டம் இல்லையேல் கட்டண வசூலும் இல்லை. ஆனால் துப்புரவுப் பணியாளரின் சம்பளமும் தெருவிளக்கின் மின்கட்டணமும் நிற்பதில்லை. நல்ல சீசனில் வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைக்காத உள்ளாட்சி, மோசமான சீசனில் கையேந்தி நிற்க வேண்டியதுதான்.

சொந்த வரவு போக, மேலிருந்து வரும் மானியங்களும் உண்டு. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்குப் பரிந்துரைத்த உள்ளாட்சி மானியங்களில், எங்களைப் போன்ற சிறு நகரங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் 60 சதவீதத்தைக் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. மத்திய அரசிடமிருந்து பெற்ற பணத்தைப் பத்து வேலை நாட்களுக்குள் மாநில அரசு உள்ளாட்சிகளுக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் வட்டியுடன் அனுப்ப வேண்டும் என்றும் கூறியது. தணிக்கை செய்த கணக்கைப் பொதுமக்கள் காண வெளியிடுவதையும் நிபந்தனையாக்கியது. நேரத்திற்கு விலை உண்டு என்பதை அந்த வட்டி ஒப்புக்கொள்கிறது. அந்தப் பணம் உள்ளாட்சிக்கு வந்து சேர்ந்தபின் அது தெருவுக்கு வந்து சேரும் வரையுள்ள தாமதத்திற்கு வட்டி கட்டுவோர் யார்? நாம்தாம்.

ஐந்தாண்டு இடைவெளி

எங்கள் மாவட்டத்திற்கென்று ஒரு தனிக் கதையும் இருக்கிறது. 2016 அக்டோபரில் தமிழகத்து உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றது. தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்களின் கைக்கு நிர்வாகம் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காரணத்தால் 14ஆவது நிதி ஆணையத்தின் மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாக உதயமாயிற்று. நாங்களெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் அடுத்த மாதமே நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில், பிரிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதால் தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. எங்கள் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரிலும், நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் நாளும்தான் தேர்தல் நடைபெற்றது.

ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டத்தை முன்மொழிபவரும், அதற்கு ஒப்புதல் தருபவரும், அதை நிறைவேற்றுபவரும் ஏறத்தாழ ஒருவரே என்ற நிலை. தனி அலுவலர்களில் திறமையும் நேர்மையும் மிக்கோர் பலர் இருந்தனர். எனினும், "எங்கள் தெரு வாறுகால் என்னாயிற்று?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர் இல்லாத பட்ஜெட், கேள்வித்தாள் இல்லாத பரீட்சையைப் போன்றதுதான்.

உயிரோடு விளையாடும் தாமதம்

கழிப்பிடமும் கால்வாயும் தாமதமானால் தொல்லை. பாதுகாப்பு தாமதமானால் உயிர்ச்சேதம். 2024 மே 17ஆம் நாளன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் படிக்கட்டுகளில் விழுந்தடித்து ஓடினர். உறவினர்களுடன் வந்திருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். வழக்கமான சீசன் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை. அது கோடை மழையின் வெள்ளம்.

இதற்கு இன்னார்தாம் பொறுப்பு என்று விரல் நீட்டுவது என் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய குற்றாலம் இருப்பது ஆயிரப்பேரி ஊராட்சி எல்லையில். பேரருவி இருப்பது குற்றாலம் பேரூராட்சியில். தென்காசியிலிருந்து அங்குச் செல்லும் வழியில் மேலகரம் பேரூராட்சி. பக்கத்தில் இலஞ்சி பேரூராட்சி. மேலே காடு வனத்துறைக்கு. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது காவல்துறைக்கு. சுற்றுலாத் துறைக்கும் இங்கே ஒரு பங்குண்டு. மழைநீருக்கு இந்த எல்லைகள் தெரியா. மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும். ஆனால் எச்சரிக்கை ஒலிப்பானுக்கும், கம்பிவேலிக்கும், காவலுக்கு நிற்கும் ஊழியருக்கும் உரிய பணம் வெவ்வேறு ஏடுகளில், வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு நாட்களில் ஒதுக்கப்படுகிறது. ஒரு ஏட்டில் ஒலிப்பான் இருந்து, இன்னொரு ஏட்டில் அதை இயக்கும் ஆளுக்குச் சம்பளம் இல்லாவிட்டால் என்ன பயன்? இவ்வட்டாரத்து உள்ளாட்சிகளும் துறைகளும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரே மேசையில் அமர்ந்து, சீசனுக்கென்று ஒரே கணக்கை எழுத வேண்டும் என்று கூறுவது இதனால்தான்.

மலைக்கு அப்புறம்

செங்கோட்டையைத் தாண்டி மலையேறினால் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதான். அந்த மாநிலம் 1996ஆம் ஆண்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்பதைக் கிராம சபைகளில் மக்களே பேசி வரிசைப்படுத்தும் முறை அது. அங்கும் மார்ச் மாத அவசரம் ஒழிந்துவிடவில்லை. முடியாத வேலைகள் அடுத்த ஆண்டுக்கு வழிந்து செல்வதும் உண்டு. ஆனால் தம் ஊருக்கு எவ்வளவு வருகிறது, எதற்கு வருகிறது என்று அறிந்த மக்கள், "ஏன் வரவில்லை?" என்று கேட்கவும் அறிந்துகொண்டனர். தென்னமெரிக்காவில் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989ஆம் ஆண்டிலேயே நகர பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்கள் கூடித் தீர்மானிக்கும் வழக்கத்தைத் தொடங்கி, உலகின் பல நகரங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

நம் மாநிலத்திலும் கதவு மூடிக் கிடக்கவில்லை. ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சி நாளன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு ஒதுக்கப்பட்ட நிதியையும் செய்த செலவையும் யாரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம்.

செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. வழி கூறுவது கடமை. என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வேலையின் வரிசையை மழையின் வரிசைக்கு ஏற்ப மாற்றுவது. செப்டம்பர் முடிந்ததும் அந்த ஆண்டுச் சாரலில் எவ்வளவு வந்தது, எங்கே நெருக்கடி ஏற்பட்டது, எந்தக் குழாய் உடைந்தது என்பன எல்லாம் தெரிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியில் வேலை நடவாது. ஆனால் மேசை வேலைக்குத் தடையில்லை. மதிப்பீடும் அனுமதியும் அந்த மூன்று மாதங்களில் முடியட்டும். சீசனில் வந்த பணம் கையில் இருக்கும்போதே, திருத்திய மதிப்பீட்டில் அதற்கு இடம் கண்டு, டிசம்பர் இறுதியில் ஒப்பந்தப்புள்ளி கோரட்டும். பொங்கல் கழிந்து வேலை தொடங்கினால் மே மாதத்திற்குள் பூசி, உலர்ந்து, குழாயும் விளக்கும் இணைக்கப்பட்டு, சாவி பராமரிப்பவர் கைக்கு வந்துவிடும். இந்த ஆண்டுச் சாரலின் பணம் அடுத்த ஆண்டுச் சாரலின் வசதியாக மாறட்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ரமலான் பிறை தென்பட்ட பிறகு நோன்புக் கஞ்சிக்கு அரிசி தேடும் மஹல்லா உண்டா? ஷஃபானிலேயே மூட்டைகளை எண்ணி வைத்துவிடுகிறோம் அல்லவா?

இரண்டாவது, கட்டுவதோடு நில்லாமல் நடத்துவதற்கும் சேர்த்து ஒதுக்குவது. தண்ணீர், மின்சாரம், துப்புரவாளர் சம்பளம் ஆகிய மூன்றுக்கும் தொகை காட்டாத எந்தக் கட்டிடத்தையும் மன்றம் ஏற்கலாகாது.

மூன்றாவது, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஒரு தாளில் கணக்கு. ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று அலுவலக வாசலிலும் பேருந்து நிலையத்திலும் எளிய தமிழில் ஒட்டட்டும். தணிக்கை அறிக்கை வருவதற்குள் ஆண்டுகள் கடந்துவிடும். ஒட்டிய தாளை நாளையே படிக்கலாம்.

நம் பங்கு என்ன? சொத்து வரியை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் தமிழக அரசு அதை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,200 சதுர அடி வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் கூடியது. எல்லோரும் முணுமுணுத்தோம், நியாயந்தான். ஆனால் வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் கட்டிய பெரிய வீடுகள் பல எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் வரி, உரியவர் ஊர் திரும்பும்போது மொத்தமாகக் கட்டப்படுகிறது. அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் ஐந்து சதவீதச் சலுகை உண்டு. இணையவழியில் துபாயிலிருந்தும் கட்டலாம். ஏப்ரலில் கட்ட வேண்டியதை நாம் மார்ச்சில் கட்டிவிட்டு, ஏப்ரலில் தொடங்க வேண்டிய வேலையை அவர்கள் மார்ச்சில் செய்கிறார்கள் என்று குறைகூறுவது அழகாகுமா?

பெண்களும் இக்கூட்டங்களுக்குச் செல்ல வேண்டும் என்று குறிப்பாக வேண்டுகிறேன். எந்தக் கழிப்பிடம் எப்போது பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தெருவிளக்கு எரிவதில்லை, எந்தக் குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது என்பவற்றை எந்தப் பொறியாளரையும் விட அவர்களே நன்கு அறிவார்கள். அந்த அறிவு மதிப்பீட்டுத் தாளில் ஏறாத வரையில், பட்ஜெட் ஆண்கள் எழுதி ஆண்கள் படிக்கும் காகிதமாகவே இருந்துவிடும்.

பொதுப்பணம் அமானிதம். அமானிதத்தைக் களவாடாமல் இருந்தால் மட்டும் போதாது. உரியவர்க்கு உரிய நேரத்தில் சேர்ப்பதும் அதில் அடங்கும். அடுத்த முறை உங்கள் ஊரின் வரவு-செலவுத் திட்டம் செய்தியாக வரும்போது, உபரியா பற்றாக்குறையா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வார்டு உறுப்பினரைச் சந்தித்து, "இவற்றில் எவையெல்லாம் மழைக்கு முன் முடியும்?" என்று பணிவோடு கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். மே மாதக் கடைசியில் அந்த நோட்டோடு மீண்டும் ஒரு முறை சென்று பாருங்கள்.